பட்டாளத்துக்காரர் வீட்டு மனசு: லீவு முடிவது முதல் பென்ஷன் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பட்டாளத்துக்காரர் வீட்டில் யாராவது கண் கலங்கினால் ஊர் உடனே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "மிலிட்டரிக்காரன் பொண்டாட்டி அழலாமா?" நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் பேச வேண்டியதெல்லாம் அந்த ஒரு கேள்வியில் அடைபட்டுப் போகிறது. வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி தெருவுக்குத் தெரு ராணுவத்தில் ஆள் இருக்கிற ஊர் என்றால் பரவாயில்லை, பக்கத்து வீட்டு அக்காவே எல்லாம் பார்த்தவராக இருப்பார். ஊரிலேயே ஒரே மிலிட்டரி வீடு உங்களுடையது என்றால் யாரிடம் கேட்பது?

அப்படிப்பட்ட வீடுகளுக்குத்தான் இதை எழுதுகிறேன். பெரும்பாலும் சிப்பாய், நாயக், ஹவில்தார் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியது. மனைவிக்குச் சொல்வது போல இருக்கும், ஆனால் மாமனார் மாமியாரும் படிக்கலாம், எல்லையில் இருப்பவரும் படித்தால் ரொம்ப நல்லது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தைரியம் சொல்லித் தேற்றுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஏற்பாடு சரியாக இருந்தால் மனம் கொஞ்சம் தானாகவே நிலைக்கு வரும். தூக்கத்தைக் கெடுக்கிற கவலைகளில் பெரும்பகுதி காகிதம், பணம், போன் இந்த மூன்றில்தான் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: லீவு முடிவதற்குள் காகிதங்களைப் பாருங்கள்

கல்யாணம் ஆனதும், குழந்தை பிறந்ததும் அது யூனிட்டில் பார்ட் டூ ஆர்டராக, அதாவது ராணுவப் பதிவில் ஏற்றும் எழுத்துபூர்வ உத்தரவாக, வெளிவர வேண்டும். அது வராத வரைக்கும் ராணுவக் கணக்கில் நீங்கள் அவருக்கு மனைவியே இல்லை. குடும்பத்தாருக்கான அடையாள அட்டையான டிபெண்டன்ட் கார்டு கிடைக்காது, மிலிட்டரி ஆஸ்பத்திரியில் காட்ட முடியாது. நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு தனித் தொல்லை, இனிஷியல். ஆதாரில் "கே. செல்வி" என்று இருக்கும், கல்யாணச் சான்றிதழில் "செல்வி கே" என்று இருக்கும், வீரர்களின் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸில் அப்பா பெயரையும் சேர்த்து "செல்வி குப்புசாமி" என்று ஏறியிருக்கும். வடக்கே உட்கார்ந்திருக்கும் கிளார்க்குக்கு இவர்கள் மூன்று வெவ்வேறு பெண்கள். பிரச்சினை எதுவும் இல்லாத நாளில் இதைத் திருத்துவது சில மாத அலைச்சல். பென்ஷன் சமயத்திலோ, அதைவிடக் கெட்ட சமயத்திலோ திருத்துவது நரகம்.

அவர் ஊரில் இருக்கும்போதே ஒரு நோட்டில் இவற்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: சர்வீஸ் நம்பர், ரேங்க், யூனிட் பெயர், ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலைய) முகவரி, யூனிட் ஆபீஸ் போன் நம்பர், அவர் கம்பெனியின் (யூனிட்டுக்குள் அவர் இருக்கும் பிரிவு) சீனியர் ஜே.சி.ஓ. (ஹவில்தாருக்கு மேல், ஆபீஸருக்குக் கீழ் உள்ள அதிகாரி) நம்பர், எந்த ரெக்கார்டு ஆபீஸ் (மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், மற்றவர்களுக்கு வேறு ஊர்), குரூப் இன்சூரன்ஸில் நாமினி யார், பேங்க் கணக்கு எங்கே, கடன் எவ்வளவு. இதைக் கேட்டால் சில ஆண்கள் "என்ன, நான் செத்துப்போவேன்னு பார்க்கிறியா" என்று முறைப்பார்கள். முறைக்கட்டும். "நீங்க திரும்பி வர்றவரைக்கும் நான் பிறத்தியார் கிட்ட ஓடாம இருக்கத்தான்" என்று சொல்லிவிட்டுப் பேனாவைக் கையில் கொடுங்கள்.

படி 2: பணப் பேச்சை அவர் வாயாலேயே முடித்து வையுங்கள்

மாமியார் மருமகள் சண்டை என்று நாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயத்தில் மிலிட்டரி வீடுகளில் முக்கால்வாசி உண்மையில் பணக் கணக்கு. கல்யாணத்துக்கு முன்பு சம்பளம் அப்பா கைக்குப் போயிருக்கும், தங்கை கல்யாணக் கடன் அதில்தான் அடைந்துகொண்டிருக்கும். கல்யாணம் ஆன பிறகு மனைவி கணக்குக்குப் பணம் வர ஆரம்பித்ததும் "வந்து ஆறு மாசம் ஆகல, பிள்ளையை மாத்திட்டா" என்ற பேச்சு கிளம்பும். அவர் மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார், இரண்டு பக்கமும் தனித்தனியாகப் போன் போட்டு அழுகிறார்கள், அவர் இரண்டு பேரிடமும் ஆமாம் சொல்கிறார். இதுதான் வழக்கமான கதை.

இதற்கு மருந்து, லீவில் ஒரு நாள் எல்லோரையும் உட்காரவைத்து, மாதம் அப்பா அம்மாவுக்கு இவ்வளவு, மனைவி செலவுக்கு இவ்வளவு, கடனுக்கு இவ்வளவு என்று அவரே தொகையைச் சொல்லிவிடுவது. மனைவி சொல்லக் கூடாது, அப்பாவும் சொல்லக் கூடாது. குரூப் இன்சூரன்ஸ், பி.எஃப். இரண்டிலும் யாருக்கு எத்தனை பங்கு என்று பிரித்து எழுத வழி இருக்கிறது. குடும்பப் பென்ஷன் பொதுவாக மனைவிக்குப் போகும். இந்த வித்தியாசம் பெற்றவர்களுக்கு இப்போதே தெரிந்திருந்தால், பிறகு யாரோ சொல்லிக் கேட்டு வெறுப்பு வளர்வது குறையும்.

படி 3: போன் வராத நாளுக்கு முன்கூட்டியே அர்த்தம் பேசிவையுங்கள்

லடாக்கிலும் சியாச்சின் பக்கத்திலும் அருணாச்சல எல்லையிலும் இருக்கிற போஸ்ட்டுகளில் சிக்னல் என்பது வரம். பனி கொட்டினால், ரோந்துக்குப் போனால், அல்லது பாதுகாப்புக்காகப் போனை வாங்கி வைத்துக்கொண்டால் நாள் கணக்கில் பேச முடியாது. அந்த மௌனத்தில்தான் மனம் எல்லாக் கதையையும் கட்டும். ஆகவே ஒவ்வொரு புது இடத்துக்குப் போகும்போதும் அவரிடமே ஒரு கணக்கு கேளுங்கள்: "எத்தனை நாள் போன் வரலன்னா சாதாரணம்? எத்தனை நாளுக்கு மேல ஆனா நான் யூனிட்டுக்குப் பேசலாம்?" அமைதியான ஊர் முகாமான பீஸ் ஸ்டேஷனில் அது இரண்டு நாளாக இருக்கலாம், எல்லைப் பணியான ஃபீல்டில் பத்து நாளாகவும் இருக்கலாம். எண் எதுவானாலும் அது அவர் சொன்ன எண் என்பதுதான் மனதுக்குப் பிடி. எந்த இடம், எங்கே போகிறீர்கள் என்று நோண்ட வேண்டாம். அவர் சொல்லவும் கூடாது.

அப்புறம், "எல்லையில இருக்கிறவன்கிட்ட வீட்டுப் பிரச்சினையைச் சொல்லாதே" என்று பெரியவர்கள் சொல்வது. பாதி சரி. குழந்தைக்குக் காய்ச்சல் என்று ராத்திரி காவலுக்குக் கிளம்புகிற நேரத்தில் சொல்லி, அவர் கையில் துப்பாக்கியோடு எட்டு மணி நேரம் அதையே நினைத்து நிற்பதில் யாருக்கு என்ன லாபம்? ஆனால் எல்லாவற்றையும் மறைத்தால் குரலிலேயே அவருக்குத் தெரிந்துவிடும், தெரிந்த பிறகு நீங்கள் "எல்லாம் நல்லா இருக்கு" என்று சொல்லும் எந்த நாளையும் நம்ப மாட்டார். நான் சொல்லும் வழி இதுதான். பிரச்சினையைச் சொல்லும்போது அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். "காய்ச்சல் நேத்து இருந்தது, டாக்டர்கிட்ட காட்டியாச்சு, இப்ப தூங்குறான்." வாக்குவாதம் செய்ய வேண்டியது இருந்தால் (இருக்கும்) அதற்கென்று நேரம் உள்ள நாளில் பேசுங்கள், போனை வைக்கிற கடைசி நிமிடத்தில் தொடங்காதீர்கள்.

படி 4: டிவிக்கும் வாட்ஸ்அப்புக்கும் ஒரு எல்லை

2025 மே 7 அதிகாலையில் ஆபரேஷன் சிந்தூர் தொடங்கியதில் இருந்து மே 10 மாலை சண்டை நிற்கும் வரை நம் ஊர் மிலிட்டரி வீடுகளில் யாரும் ஒழுங்காகத் தூங்கியிருக்க மாட்டார்கள். அந்த நாட்களில் சில சேனல்கள் கராச்சித் துறைமுகமே தாக்கப்பட்டது என்றெல்லாம் ஓட்டின, பிறகு அது நடக்கவே இல்லை என்று ஆனது. வெறும் பார்வையாளருக்கு அது பரபரப்பு. புருஷனோ பிள்ளையோ அங்கே இருக்கிற வீட்டுக்கு அது சித்திரவதை.

அடுத்த முறைக்கு: காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை செய்தி, அதுவும் அரசின் அதிகாரபூர்வ அறிவிப்பு என்ன சொல்கிறது என்று மட்டும். மற்ற நேரம் டிவி அணைந்தே இருக்கட்டும், முக்கியமாகக் குழந்தைகள் கூடத்தில் இருக்கும்போது. சொந்தக்காரர்கள் "அங்கதானே உன் வீட்டுக்காரர் இருக்கார்?" என்று போன் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அதற்கு வீட்டில் ஒருவரை, தம்பியோ நாத்தனாரோ, பதில் சொல்கிற ஆளாக வைத்துவிடுங்கள். உண்மையான கெட்ட செய்தி யூனிட்டில் இருந்தோ மாவட்ட நிர்வாகம் வழியாகவோதான் வரும், ஃபார்வர்டு மெசேஜில் வராது. ராணுவ ஆபீஸில் இருந்து பேசுகிறேன் என்று சொல்லி ஓ.டி.பி. கேட்பவன் திருடன், நம்பரை பிளாக் செய்யுங்கள். எந்த ரயிலில் போகிறார், எந்த இடத்தில் இறங்குகிறார் என்று ஸ்டேட்டஸ் போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

படி 5: ஆட்களைச் சேர்த்து வையுங்கள், வரப்புச் சண்டைக்கும் சேர்த்து

மூன்று வகை ஆள் வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுக்கக்கூடியவர், புலம்பினால் அறிவுரை சொல்லாமல் கேட்கக்கூடியவர், அப்புறம் இதே யூனிட்டிலோ பக்கத்து ஊரிலோ இருக்கும் இன்னொரு மிலிட்டரி மனைவி. மூன்றாவது ஆள்தான் கிடைப்பது கஷ்டம், கிடைத்துவிட்டால் அவரை விடாதீர்கள். அவர் கூட வேலை செய்யும் தமிழ்ப் பையன்களின் வீட்டு நம்பர்களை வாங்கித் தரச் சொல்லுங்கள்.

மனசு விஷயம் பேசும்போது யாரும் சொல்லாதது, நிலத் தகராறு. ஆள் ஊரில் இல்லை என்று தெரிந்ததும் பங்காளி வரப்பை நகர்த்துவான், பாதையை அடைப்பான். அதைப் பார்த்துக்கொண்டு பெண் ஒருத்தி தனியாக நிற்பதும், அதைக் கேட்டுக்கொண்டு அவர் அங்கே பல்லைக் கடிப்பதும் குடும்பத்தையே அரித்துவிடும். இதற்கு வழி இருக்கிறது. அவர் யூனிட்டில் எழுதிக் கொடுத்தால் கமாண்டிங் ஆபீஸர் நம் மாவட்ட ஆட்சியருக்கும் எஸ்.பி.க்கும் கடிதம் அனுப்புவார். அந்தக் கடிதத்தின் நகலோடு நீங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். பெயரில் "முன்னாள்" என்று இருப்பதால் நமக்கு இல்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், ஆனால் பணியில் இருப்பவர் குடும்பத்துக்கும் அங்கே உதவுவார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் படைவீரர் குடும்பங்களுக்கென்று சிறப்புக் குறைதீர் கூட்டமும் நடக்கிறது, தேதியை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கு என்று போனால், போர்முனை போன்ற இடங்களில் இருக்கும் வீரர் வர முடியாத நிலையில் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு ஆகிவிடாமல் காக்க 1925-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இன்றும் இருக்கிறது, வக்கீலிடம் ஞாபகப்படுத்துங்கள். தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2025 ஜூலையில் வீரர் குடும்பங்களுக்கென்றே ஓர் இலவசச் சட்ட உதவித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் உதவி எண் 15100.

படி 6: குழந்தைகள்

சின்னக் குழந்தைக்கு "அப்பா நாளைக்கு வருவார்" என்று சொல்வதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நாளை வந்து, அப்பா வராமல் போனால் அது உங்களைத்தான் நம்பாமல் போகும். "பொங்கலுக்கு அப்புறம் வருவார்" என்று அதற்குத் தெரிந்த பண்டிகையை வைத்துச் சொல்லுங்கள். கிளம்புவதற்கு முன் அவர் குரலில் நாலைந்து கதையைப் போனில் பதிந்து வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத ராத்திரிகளுக்கு உதவும். தூங்கும்போது கிளம்பிப் போய்விடுவது பெரியவர்களுக்குச் சுலபம், குழந்தைக்கு அல்ல. விழித்திருக்கும்போது அழ விட்டே கிளம்பட்டும்.

பத்து வயதுக்கு மேலே வேறு சிக்கல். மூத்த பையனிடம் "இனிமே நீதான் வீட்டுக்கு ஆம்பளை" என்று சொல்லிவிட்டுப் போகிற வழக்கம் இருக்கிறதே, அது தவறு. அவனுக்கு வேலை கொடுங்கள், பால் வாங்குவது, தங்கையைப் பள்ளியில் விடுவது. அப்பாவின் இடத்தைக் கொடுக்காதீர்கள். திடீரென்று மார்க் குறைவது, படுக்கையில் சிறுநீர், சாப்பாட்டை ஒதுக்குவது, பள்ளிக்குப் போக வயிற்று வலி இவையெல்லாம் சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் வகுப்பாசிரியரிடம் அப்பா எங்கே இருக்கிறார் என்பதைச் சொல்லிவிடுங்கள். பல ஆசிரியர்களுக்கு அது தெரிந்தே இருக்காது.

படி 7: குவார்ட்டர்ஸ் கிடைத்தால்

ராணுவக் குடியிருப்பில் சேர்ந்து இருப்பதால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துப் போகிறவர்களுக்குப் பட்டான்கோட்டிலோ ஜான்சியிலோ முதல் மாதம் அதிர்ச்சியாக இருக்கும். ஹிந்தி தெரியாது, அவர் அங்கேயும் பெரும்பாலும் டியூட்டியில். ராணுவ மனைவியர் நலச் சங்கம், எல்லோரும் "ஆவா" என்று சொல்வது, 1966-இல் தொடங்கியது. ஸ்டேஷன்களில் அதன் கூட்டங்களும் தையல், கம்ப்யூட்டர் மாதிரி வகுப்புகளும் நடக்கும். கூட்டம் என்றால் ஆபீஸர் மேடம் முன்னால் கைகட்டி உட்காருவது என்று பலருக்கு ஒரு கசப்பு உண்டு. சில இடங்களில் அது நியாயமான கசப்பும்கூட. இருந்தாலும் போங்கள், பின்வரிசையில் இருக்கும் இன்னொரு தமிழ்ப் பெண்ணுக்காகவாவது. சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தை இருந்தால் ஆவா நடத்தும் "ஆஷா" பள்ளி பக்கத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

படி 8: லீவில் வந்தவரோடு வாழ்வது

ஜவான்களுக்கு வருஷத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு. காகிதத்தில் மூன்று மாதம், நடைமுறையில் துண்டு துண்டாக. கத்ராவில் இருந்து கன்னியாகுமரிக்கு வரும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் மூன்று நாள் உட்கார்ந்து வந்து இறங்குபவர், இறங்கியதும் கோயில், கல்யாணம், கருமாதி என்று ஊரே அவரைப் பங்கு போடும். முதல் இரண்டு நாள் யார் வீட்டுக்கும் போகாமல் தூங்க விடுங்கள்.

நிஜமான சிக்கல் ஒரு வாரத்துக்குப் பிறகு வரும். இத்தனை மாதம் வீட்டை நீங்கள் ஓட்டியிருக்கிறீர்கள், அவர் வந்து பீரோ ஏன் இங்கே இருக்கிறது, பையன் ஏன் எட்டு மணிக்கு எழுகிறான் என்று இன்ஸ்பெக்‌ஷன் நடத்துவார். அவர் பக்கத்திலும் பாருங்கள், தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி இருக்கிறது அவருக்கு. சண்டை போடுவதற்குப் பதிலாக இரண்டு வேலையை முழுசாக அவரிடம் கொடுத்துவிடுங்கள், மற்றதில் இந்த லீவில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பட்டாசுச் சத்தத்துக்குத் துள்ளி எழுவது, கெட்ட கனவு, காரணமில்லாமல் கத்துவது, யாரோடும் பேசாமல் இருப்பது சில நாளில் குறைந்தால் சரி. குறையாவிட்டால் அடுத்த படி.

படி 9: எப்போது, எங்கே உதவி கேட்பது

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, குழந்தையைக் காரணமில்லாமல் அடிக்கிறீர்கள் என்றால் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் இரண்டு வாரமெல்லாம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே.

14416. இது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு மனநல சேவை" என்ற பெயரில் நடக்கிறது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். படையினருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் என்றே புனேயில் உள்ள ராணுவ மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரில் இதன் தனிப் பிரிவு ஒன்றும் தொடங்கப்பட்டது. 104-க்குப் பேசினாலும் மனநல ஆலோசனை கிடைக்கும். சென்னையில் 1986-இல் இருந்து தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சினேகாவின் எண் 044-24640050. வீட்டில் அடி உதை என்றால் 181, குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098. நேரில் பார்க்க வேண்டுமானால் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் உண்டு. மிலிட்டரி ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தால் டிபெண்டன்ட் கார்டோடு அங்கேயும் போகலாம்.

எல்லோரையும் தடுக்கும் பயம் ஒன்றுதான்: "நான் போய்ச் சொன்னா அவர் வேலைக்கு ஆபத்தா?" நீங்கள் உங்களுக்காக 14416-க்குப் பேசுவது அவர் சர்வீஸ் ரெக்கார்டில் ஏறாது. அவர் தனக்காக ராணுவ டாக்டரிடம் போவது வேறு விஷயம், அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. ராணுவத்தின் மருத்துவத் தரமான "ஷேப்"பில் முதல் எழுத்தே மனநலத்துக்கானது. அதில் தரம் குறைந்தால் பதவி உயர்வும் போஸ்டிங்கும் பாதிக்கப்படலாம், அதனால்தான் பலர் மறைக்கிறார்கள். ஆனால் அது நிரந்தரமும் அல்ல, சிகிச்சைக்குப் பிறகு மறுபரிசோதனையில் தரம் உயர வழி உண்டு. மறைத்து வைத்து, ஒரு நாள் ஆயுதத்தோடு தனியாக நிற்கும்போது உடைந்து போவதைவிட ஒரு புரமோஷன் தள்ளிப்போவது எவ்வளவோ மேல். டாக்டரிடம் போகத் தயங்கினால் யூனிட்டின் மதகுருவிடமோ கம்பெனி ஜே.சி.ஓ.விடமோ பேசட்டும். அவர் போனில் பேசும் விதம் உங்களுக்கு நிஜமாகவே பயமாக இருந்தால், படி 1-இல் எழுதி வாங்கிய அந்த ஜே.சி.ஓ. நம்பருக்கு நீங்களே பேசுங்கள்.

படி 10: நடக்கவே கூடாதது நடந்தால்

முதல் பத்து நாள் ஊர் முழுக்க உங்கள் வீட்டில் இருக்கும்: கொடி, மாலை, கேமரா, தலைவர்கள். அந்த நாட்களில் எந்த வெற்றுத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள், பணம் பற்றி யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். கேமரா முன் பேச விருப்பமில்லை என்றால் பேச வேண்டியதில்லை. நம்பிக்கையான ஓர் ஆளிடம் வரும் கடிதங்களையெல்லாம் தேதி போட்டு ஃபைல் செய்யச் சொல்லுங்கள். கஷ்டம் மூன்றாவது மாதத்தில்தான் வரும், எல்லோரும் கிளம்பிப் போன பிறகு. ரெஜிமெண்டல் சென்டர், ரெக்கார்டு ஆபீஸ், நல அலுவலகம், ஆவா எல்லாவற்றுக்கும் "வீர் நாரி" என்று அவர்கள் சொல்லும் வீர மனைவியருக்கு உதவும் பொறுப்பு இருக்கிறது. ஆனால் கேட்டால்தான் நகரும், மாதம் ஒரு முறை கேட்டுக்கொண்டே இருங்கள். பிள்ளையை இழந்த பெற்றவர்களை அப்போது யாரும் கவனிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பொட்டு வைக்கலாமா, மறுபடி கல்யாணம் செய்துகொள்ளலாமா என்பதெல்லாம் அந்தப் பெண்ணின் முடிவு. ஊருக்கு அதில் வேலை இல்லை.

படி 11: பென்ஷனோடு வீட்டுக்கு வந்த பிறகு

சிப்பாயாகச் சேர்ந்தவருக்கு 15 வருஷத்தில் பென்ஷன் தகுதி வந்துவிடும், முப்பத்தைந்து நாற்பது வயதில் வீட்டில் இருப்பார். அந்த வயதில் சும்மா இருப்பது ஆளைக் கெடுக்கும், அதோடு கேன்டீன் சரக்கும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கோட்டாவை ஊருக்கு விற்பதோ தானே குடிப்பதோ இரண்டுமே வீட்டுக்கு ஆகாது. வெளியே வருவதற்கு ஒரு வருஷம் முன்பே வேலை பற்றிப் பேச ஆரம்பியுங்கள். தமிழ்நாட்டில் முன்னாள் படைவீரர்களுக்கு வேலை தர 1986-இல் இருந்து டெக்ஸ்கோ இருக்கிறது. ஓய்வுபெற்ற படையினர் குடும்பங்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். கார்டைத் தள்ளிப்போடாமல் வாங்குங்கள். குடி கைமீறினால் அந்தத் திட்டத்தின் பாலிகிளினிக் டாக்டரிடம் நேராகச் சொன்னால் மனநல மருத்துவருக்கு எழுதிக் கொடுப்பார்.

அக்னிவீர் வீடுகளுக்குக் கணக்கே வேறு. 2022-இல் வந்த திட்டத்தில் நான்கு வருஷம் முடிந்ததும் அதிகபட்சம் 25 சதவீதம் பேர்தான் தொடர்வார்கள். மற்றவர்கள் வட்டியோடு சுமார் 11.71 லட்சம் ரூபாயுடன் வெளியே வருவார்கள், பென்ஷனும் இல்லை, இ.சி.எச்.எஸ். வசதியும் இல்லை. முதல் அணியின் நான்கு வருஷம் 2026 கடைசியில் முடியத் தொடங்குகிறது. பையன் திரும்பி வந்தால் "செலக்ட் ஆகலையா?" என்று முதல் நாளே கேட்காதீர்கள், கேட்கிற மாமாவையும் வாசலிலேயே நிறுத்துங்கள். அந்தப் பணத்தை ஆறு மாதம் டெபாசிட்டில் போட்டுவிட்டு, அதற்குள் படிப்பா வேலையா என்று அவனே சொல்லட்டும். 14416-உம் 104-உம் அவனுக்கும் உண்டு, அதற்கு எந்தக் கார்டும் தேவையில்லை.